இரட்டைக்கொம்புச் சேதுக் காசும் ஒரு பழங்காசுக் கடையும்

இராமேசுவரத்தில் சங்கும் பாசிமணியும் உருத்திராட்சமும் விற்கும் கடைகளின் வரிசையில், எட்டடி அகலம்கூட இல்லாத ஒரு பழங்காசுக் கடை இருக்கிறது. உச்சிப்புளியிலிருந்து பேருந்தேறி, பாம்பன் பாலத்தைக் கடந்து, கடந்த நான்கு ஆண்டுகளாக மாதம் ஒருமுறையாவது நான் அங்கே போய்வருகிறேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணம். அந்தக் குறை, அதே தெருக்களில் அதே சரக்கை விற்கும் மற்றவர்களுக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும் என்பதால், ஒருவரை மட்டும் பெயர் சொல்லிக் காட்டுவது நியாயமாகாது என்பது மற்றொரு காரணம். கடைக்காரர் அறுபது வயதைத் தாண்டிய கீழக்கரைக்காரர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை வாத்தியார் என்பார்.

கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது, கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட் விரித்து அடுக்கியிருக்கும் இராமர் பட்டாபிஷேகக் காசுகள்தாம். இராமர், சீதை, இலட்சுமணர், அனுமன் ஒரு பக்கம். மறுபக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், அரையணா என்ற மதிப்பு, 1818 என்ற ஆண்டு, போதாததற்கு யு.கே.எல். என்று எவருக்கும் பொருள் தெரியாத மூன்று எழுத்துகள். தீர்த்தமாடிவிட்டு ஈரத் துணியோடு வரும் வடநாட்டு யாத்திரிகர்கள் இதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போகிறார்கள். கம்பெனி இப்படி ஒரு நாணயத்தை எந்தக் காலத்திலும் வெளியிட்டதில்லை. கம்பெனி ஆட்சிப் பகுதிகள் முழுவதற்கும் ஒரே வகை நாணயம் என்ற ஏற்பாடே 1835இல்தான் வந்தது. அந்த ஆண்டின் அசல் அரையணா, ஒரு பக்கம் கம்பெனியின் சின்னமும் மறுபக்கம் மாலைக்குள் மதிப்பும் கொண்ட, ஏறத்தாழ பதின்மூன்று கிராம் எடையுள்ள செப்புக் காசு.

இவ்விடத்தில் சேகரிப்பாளர்கள் பலர் எதிர்த்திசையில் தவறு செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரன் சாமி படம் போட்டுக் காசு அடித்ததே இல்லை என்று அடித்துப் பேசுவோர் உண்டு. சென்னையில் கம்பெனி வெளியிட்ட பகோடா என்னும் காசுகளில் திருமால் உருவம் உண்டு, கோபுரமும் உண்டு. ஆகவே சாமி உருவம் இருப்பதனாலேயே ஒரு காசு போலியாகிவிடாது. அதுபோலவே, இராமர் பட்டாபிஷேகம் பொறித்த இராமடங்காக்கள் பூசையறைப் பொருளாகப் பல காலமாக இருந்து வருபவை. அவற்றை அவ்வாறே சொல்லி விற்றால் அதில் பொய் எதுவும் இல்லை. அதன் முதுகில் கம்பெனியின் பெயரையும் 1818ஐயும் ஏற்றும்போதுதான் அது மோசடியாகிறது. பாயிடம் இதைச் சொன்னபோது, “கேக்குறவங்களுக்கு உள்ளதச் சொல்லித்தான் குடுக்குறேன் வாத்தியாரே, கேக்காதவங்க சாமியா நெனச்சு வாங்கிட்டுப் போறாங்க” என்றார். முதல் பாதி உண்மை என்பதற்கு நானே சாட்சி. இரண்டாம் பாதியை நான் ஏற்கவில்லை. கேட்காதவருக்கும் சொல்வதற்கு அந்தப் பெட்டியின் மேல் ஒரு சிறு அட்டை போதும். நான்கு ஆண்டுகளாக அந்த அட்டை வரவில்லை.

இவ்வளவு சொல்லியும் நான் அந்தக் கடைக்கே திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம், மேசையின் மேல், வாங்க வருபவரின் பக்கம் முகம் காட்டி வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும், நூல் கட்டிய காந்தம் ஒன்றும், தண்ணீர் ஊற்றி வைத்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றும் அதனருகே எப்போதும் இருக்கின்றன. இந்தக் கரையில் நான் பார்த்த மற்றக் கடைகளில், காசை எடை போடலாமா என்று கேட்டாலே முகம் மாறிவிடும். இங்கே கேட்கக்கூட வேண்டியதில்லை.

வெள்ளி ரூபாய்களுக்கு இந்த ஏற்பாடு ஏறக்குறைய முழுப் பாதுகாப்பு. 1835 முதல் 1939 வரை அடிக்கப்பட்ட ரூபாய், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி; எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. நம் பாட்டிமார் ரூபாயையே எடைக்கல்லாக வைத்து நகை நிறுத்ததற்குக் காரணம் இதுதான். புழங்கித் தேய்ந்த ரூபாய் அதில் சிறிது குறையலாம், கூட வாய்ப்பில்லை. எடையைச் சரிக்கட்டிய போலிகளும் உண்டு என்பதால்தான் டம்ளர். தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியமாக்கி, காசை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். அசல் ரூபாயானால் தராசு 1.13 கிராம் அளவில் காட்டும். பித்தளையோடு நிக்கல் கலந்து வெள்ளி போல் மின்னும் ஜெர்மன் சில்வரில் அதே எடைக்குக் காசு செய்தால், அது கூடுதல் இடத்தை அடைத்துக்கொண்டு 1.3க்கு மேலே போய்விடும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர் ஆர்க்கிமிடீசைப் பற்றி நடத்தியபோது பக்கத்து வகுப்பில் இருந்த எனக்கு, பணி ஓய்வுக்குப் பிறகுதான் அந்தப் பாடம் பயன்பட்டது.

காந்தம் மட்டும் எல்லாரும் நினைப்பது போல நீதிபதி அல்ல. ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல் என்ற எண்ணத்தோடு வருபவர், புலி பொறித்த 1947ஆம் ஆண்டு ரூபாயைத் தூக்கி எறிந்துவிடுவார். அது சுத்த நிக்கல், காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும். செம்பிலோ பித்தளையிலோ செய்த போலியோ காந்தத்தைப் பொருட்படுத்தாமல் இருக்கும். காந்தம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அரிசியை இழுக்கும் காசு இருக்கிறதா, இருடியம் கலந்த செம்பு கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு இரண்டு பேர் ஒருநாள் வந்தார்கள். பாய் எழுந்து நின்று, தெருவைக் காட்டி, அவர்களை அனுப்பிவைத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. அப்படி ஒரு சக்தி உண்டு என்று சொல்லிப் பணம் பறிக்கும் அந்த ஏமாற்றில் வீட்டையே விற்றவர்களைப் பற்றி இம்மாவட்டத்தில் கேள்விப்படாதவர் குறைவு.

இனி நான் ஏமாந்த கதை. இக்கடையைப் பற்றி மற்றவர் அறிய வேண்டியவற்றுள் முக்கால் பங்கு அதில்தான் இருக்கிறது.

சேதுக் காசு என்பது இக்கரையில் சேகரிப்பவர் ஒவ்வொருவரும் தம்மிடம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று விரும்புகிற செப்புக் காசு. ஒரு பக்கம் நின்ற நிலையில் மன்னன். மறுபக்கம் படுத்திருக்கும் காளை, அதன் கீழே சேது என்ற தமிழ்ச் சொல். பெயரைக் கொண்டு இராமநாதபுரம் சேதுபதிகளின் காசு என்று இங்கே பலர் சொன்னாலும், இது பாக் நீரிணைக்கு அக்கரையில் யாழ்ப்பாணத்தை ஆண்ட, சேதுகாவலர் என்று பட்டம் பூண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் காசு. 1619இல் போர்த்துக்கீசியர் அந்த அரசை முடித்துவைத்தார்கள். கடல் தாண்டி வணிகம் நடந்த கரை என்பதால் இப்பக்கத்திலும் இது கிடைப்பதில் வியப்பில்லை.

கடந்த ஆண்டு மாசி மாதத்தில், பாய் ஒரு தட்டில் மூன்று சேதுக் காசுகளை எடுத்து வைத்தார். தனுஷ்கோடிப் பக்கம் மணலில் கிடைத்ததாக ஒருவர் கொண்டுவந்து கொடுத்தாராம். அந்த ஊரின் பெயரே ஒருவகை முத்திரைச் சான்றாகிவிட்டது. 1964 டிசம்பர்ப் புயலில் ஊரே கடலுக்குள் போன இடம் என்பதால், அங்கே எது கிடைத்தது என்று சொன்னாலும் நம்பிவிடத் தோன்றுகிறது. மூன்றில் ஒன்றை நான் எடுத்தேன். எடை 4.1 கிராம், என்னிடம் முன்பே இருந்த இரண்டு காசுகளும் அதற்கு அருகில்தான் நிற்கும். பச்சைக் களிம்பு படிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக எழுத்து. “எழுத்தப் பாருங்க வாத்தியாரே, நேத்து எழுதுன மாதிரி இருக்கு” என்றார் பாய். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. சேது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் படித்துவிடலாம். என் பழைய காசுகள் இரண்டிலும் எழுத்துப் பாதி காசின் விளிம்புக்கு வெளியே போயிருக்கும். மகிழ்ச்சி தாளாமல் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று இரவு மேசை விளக்கின் கீழ் மூன்று காசுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது என் தொண்டை வறண்டுவிட்டது. பழைய காசுகளில் ஒன்றில் சே என்ற எழுத்தின் கொம்பு தெரிகிறது, அது ஒற்றைக்கொம்பு. அதாவது, இன்று படித்தால் செது என்றுதான் வரும். புதிதாக வாங்கியதில் இருந்ததோ அழகான இரட்டைக்கொம்பு. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் உயிர்மெய்யில் இப்படி ஒற்றையும் இரட்டையுமாக வேறுபாடு காட்டும் வழக்கம், பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தால் வந்தது. அதற்கு முன்பு ஓலையிலும் கல்லிலும் இரண்டுக்கும் கொம்பு ஒன்றே. இடம் நோக்கித்தான் படிக்க வேண்டும். யாழ்ப்பாணத்து அரசு முடிந்து நூறாண்டுக்குப் பிறகு பிறந்த கொம்பு, அந்த அரசின் காசில் எப்படி ஏறியிருக்கும்? முப்பத்தொரு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து, எழுத்துச் சீர்திருத்தம் என்ற பாடத்தை ஆண்டுதோறும் நடத்திய ஒருவன், படிக்க எளிதாக இருக்கிறது என்பதற்காகவே அந்தக் காசை வாங்கியிருக்கிறான். என் மனைவியிடம் சொன்னபோது, “பிள்ளைகளுக்கு எத்தனை தப்புக்கு முட்டை போட்டிருப்பீங்க” என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை.

எழுத்து வழிகாட்டிய பிறகு மற்றவை ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. அக்காலக் காசு, சூடாக்கிய செப்புத் துண்டை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்தது. அடி விழுந்த வேகத்தில் விளிம்பு ஓரிடத்தில் வெடித்திருக்கும், உருவம் ஒருபக்கம் ஒதுங்கியிருக்கும், உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் பாய்ந்த தடம் இருக்கும். என் புதுக் காசின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடியது. இரண்டு பாதி அச்சுகளைப் பொருத்தி உருக்கி ஊற்றிய வார்ப்பின் தையல் அது. லென்ஸில் பார்த்தால் காளையின் முதுகில் ஊசிமுனைக் குழிகள். காற்றுக் குமிழி வெடித்த இடங்கள். நகச்சாயம் நீக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். நூற்றாண்டுக் களிம்பு அதற்கெல்லாம் அசையாது. இதுவோ பஞ்சில் பச்சையாக இறங்கிவிட்டது.

இன்னொன்றையும் யோசித்தேன். ஓர் அசல் காசையே மாதிரியாக வைத்து வார்த்திருந்தால் எழுத்தும் அசலாகவே வந்திருக்கும். என்னைப் போன்றவனுக்குக் கண்டுபிடிக்க இன்னும் கடினமாக இருந்திருக்கும். இதைச் செய்தவர் மாதிரியைப் புதிதாகச் செதுக்கியிருக்கிறார். வாங்குபவர் படிக்க வேண்டும், படித்து மகிழ வேண்டும் என்பதற்காக இன்றைய எழுத்தில் செதுக்கியிருக்கிறார். வாங்குபவரின் ஆசை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பழைய காசு நமக்காகச் செய்யப்பட்டது அன்று. அது தெளிவாக இருக்க வேண்டிய கடமை அதற்கு இல்லை.

மறுநாளே கடைக்குப் போனேன். முதலில் பாய் சுவரைத்தான் காட்டினார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று அங்கே எழுதியிருக்கிறது. நான் கொம்பைப் பற்றிச் சொன்னதை அவர் முழுமையாக ஏற்றுக்கொண்டதாகவும் தெரியவில்லை. பிறகு தட்டில் மிச்சமிருந்த இரண்டு காசுகளையும் கேட்டு வாங்கி, என்னுடையதோடு சேர்த்து லென்ஸுக்குக் கீழே வைத்தேன். மூன்றிலும் காளையின் திமிலுக்கு மேலே, ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் ஒரு குழி. கையால் அடித்த மூன்று காசுகளுக்கு மச்சம் ஒரே இடத்தில் விழாது. பாய் நெடுநேரம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கொடுத்தவன் என்னையும் சேத்துல்ல ஏமாத்திட்டான்” என்று சொல்லிவிட்டு, ஆயிரம் ரூபாயைப் பணமாகவும், மீதிக்கு ஈடாகக் கம்பெனியின் 1808ஆம் ஆண்டு இருபது காசு நாணயம் ஒன்றையும் கொடுத்தார். அவர் அதைச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. தகராறு செய்யும் வயதும் எனக்கில்லை. அந்த வகையில் கடைக்கு முழு மதிப்பெண் தருகிறேன். ஆனால் மூன்று வாரம் கழித்துப் போனபோது, அந்த மூன்று சேதுக் காசுகளும் இராமர் காசுப் பெட்டியில், வெல்வெட்டின் ஓரத்தில், ஒவ்வொன்றும் இருநூறு ரூபாய் என்ற சீட்டோடு இருந்தன. நகல் என்ற சொல் சீட்டில் இல்லை. கொடுத்த மதிப்பெண்ணில் பாதியை அங்கேயே திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அந்த இருபது காசு நாணயம் சிறப்பானது. பர்மிங்காமில் நீராவி இயந்திரத்தில் அடித்துச் சென்னை மாகாணத்துக்காக அனுப்பப்பட்டவை இவை. அவற்றை ஏற்றிவந்த அட்மிரல் கார்டனர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கி, ஏராளமான காசுகள் 1980களில் மீட்கப்பட்டதால் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. எடை ஒன்பதரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. மலிவான பழங்காசுக்குப் போலி செய்ய யாரும் அதிகம் மெனக்கெடுவதில்லை என்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு இதையும் டச்சுக் கம்பெனியின் செப்புத் துட்டுகளையும்தான் இக்கடையில் வாங்கச் சொல்வேன். அந்தத் துட்டில் வி.ஓ.சி. என்று பின்னிய எழுத்துகளைக் கண்டு, இது வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனிக் காசு என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்ன தூத்துக்குடிக்காரர் ஒருவரை நான் அங்கே சந்தித்திருக்கிறேன். ஆண்டைப் பார்த்திருந்தால் போதும். 1799இலேயே முடிந்துபோன டச்சுக் கம்பெனி அது. பணம் எனப்படும் குட்டித் தங்கக் காசுகளை மட்டும் இங்கே வாங்க வேண்டா. கால் கிராமும் அரைக் கிராமுமாக இருக்கும் அவற்றுக்கு இந்தத் தராசு போதாது.

பழைய பணத்தாள்களின் ஆல்பம் தனிக் கதை. கீழக்கரைத் தொடர்பால் வளைகுடா ரூபாய்கள் பாயிடம் வருகின்றன. 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி, குவைத், பஹ்ரைன் முதலிய வளைகுடா நாடுகளில் மட்டும் புழங்குவதற்காக நிறம் மாற்றி அச்சிட்ட தாள்கள் அவை; வரிசை எண் இசட் எழுத்தில் தொடங்கும். இவற்றுக்கு விலை அதிகம், ஆகவே நகலும் அதிகம். புற ஊதா டார்ச் ஒன்று முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை நாமே கொண்டுபோக வேண்டும், கடையில் இல்லை. இருட்டாக்கிப் பார்த்தால் பணத்தாளின் பருத்திக் காகிதம் மங்கலாகக் கிடக்கும். நகலெடுக்கும் காகிதம், வெண்மைக்காகச் சேர்த்த சாயத்தால் நீலமாகப் பளீரிடும். சென்ற முறை ஆல்பத்தில் ஒரு தாள் அப்படிப் பளீரிட்டது. பாய் அதை என் கண் முன்னாலேயே உருவியெடுத்துக் கிழித்தார். கிழித்ததை நான் பார்த்தேன் என்பதையும் இங்கே பதிய வேண்டும்.

ரசீது கேட்டால் மட்டுமே கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். நூறாண்டைத் தாண்டிய நாணயங்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள் என்பதால், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்குப் பரிசாகக் கொடுத்தனுப்பவும் கூடாது.

மேல்தட்டில் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்று இப்போது இருக்கிறது. அந்த ஆண்டு ரூபாய் மிக அரிது; 1938இன் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குவது பழைய தந்திரம். எடை சரியாக இருக்கிறது, டம்ளர்ச் சோதனையும் சரி. எட்டைத் திருத்திய காசும் வெள்ளிதான் என்பதால் இவ்விரண்டுமே இங்கே உதவாது. ஒன்பதின் வாலைச் சுற்றியுள்ள தரை மற்ற இடங்களைப் போல வழவழப்பாக இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில், தெருவில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். ஆடி அமாவாசைக் கூட்டம் கரைந்த பிறகு வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை யாருக்கும் கொடுப்பதில்லை என்றும் சொன்னார், முன்பணம் கேட்கவில்லை.